மொட்டைமாடியில் தேன்பெட்டியும் சோலாரும்: குடும்பங்களை அழைத்துச் சுற்றிக் காட்டுவது பற்றி யோசனை வேண்டும்

அரசலாறு, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருக்கிறது. மொத்தம் ஆறு பேனல்கள். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இரும்புச் சட்டம் எழுப்பிப் பொருத்தியிருக்கிறோம். அதன் நிழலில் இந்தியத் தேனீப் பெட்டிகள் இரண்டு. கிழக்கு ஓரத்தில், பழைய மரப்பெட்டி ஒன்றில் கொசுத்தேனீ குடியிருக்கிறது. தொட்டிகளில் பரங்கி, பாகல், துளசி வைத்திருக்கிறோம். கொல்லையில் நிற்கும் முருங்கை மாடி உயரத்துக்கு வளர்ந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பூத்துக் கிடக்கிறது.

தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக வந்து "மேலே போய்ப் பார்க்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துக் குடும்பங்களை முறையாக அழைத்து மாடியைச் சுற்றிக் காட்டலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். தாத்தா பாட்டியும் வரலாம், கைக்குழந்தையோடு தாய்மாரும் வரலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு ஆசை என்றால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு தெரியும், வாய்க்கால் தெரியும், நாற்று நடுவதும் அறுப்பதும் தெரியும். ஆனால் மின்சாரம் என்றால் சுவரில் உள்ள சுவிட்ச், தேன் என்றால் கடையில் அடுக்கிய பாட்டில் என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டும் உருவாகிற இடம் அவர்கள் தலைக்கு மேலேயே இருக்கும்போது காட்டாமல் இருக்க மனம் வரவில்லை.

காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். பேனல் நன்றாக வேலை செய்யும் நேரம் அதுதான். தேனீ வளர்ப்பவர்கள், மின்பணி தெரிந்தவர்கள், குழந்தைகளோடு பழகியவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டவே கூடாது?

மார்த்தாண்டம்_மருமகன், மயிலாடுதுறை

அக்கா, முதலில் அந்த நேரத்தை மாற்றுங்கள். இந்தியத் தேனீ காலை ஏழு மணிக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும். ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் பெட்டி வாசலைப் பார்த்தால் பின்னங்கால்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்த உருண்டைகளைச் சுமந்து ஒன்றன் பின் ஒன்றாக இறங்குவது தெரியும். குழந்தைகள் பார்க்க வேண்டியது அதைத்தான். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறினால் வரத்து குறையும், பிள்ளைகளுக்கும் கால் சுடும். வெயில் கடுமையான நாளில் பெட்டியைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமப்பதும் வாசலில் நின்று சிறகால் விசிறுவதுமே பல தேனீக்களின் வேலையாகிவிடும். அந்த நேரத்தில் கூட்டம் கூடி நின்றால் அவற்றுக்குப் பிடிக்காது.

அடுத்தது, பெட்டியைத் திறந்து காட்டாதீர்கள். நான் தேன்பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் இன்றும் புழங்குவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டி. அதில் கூட்டம் எவ்வளவு சாந்தமாக இருந்தாலும், இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. தொந்தரவு அதிகமானால் கூட்டைக் காலி செய்துகொண்டு ஒட்டுமொத்தமாகப் போய்விடும். இருபது பேர் சூழ்ந்து நிற்க, உள்ளே தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டினால், அந்த வாரத்திலேயே பெட்டி வெறுமையாகலாம்.

அதற்குப் பதிலாக, முதல் நாள் மாலை ஒரே ஒரு சட்டத்தை, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டியில் வையுங்கள். மேலும் கீழும் காற்றுப் போகத் துளை இருக்கட்டும். நிழலான இடத்தில் வைத்துக் காட்டிவிட்டுச் சீக்கிரமே பழைய இடத்தில் சேர்த்துவிடுங்கள். முட்டை, புழு, மூடிய அறை, தேன் அறை எல்லாம் அந்த ஒரு சட்டத்திலேயே தெரியும்.

பெட்டி வாசலுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ நிற்க வேண்டும். வாசலுக்கு முன்னால் சில அடி தள்ளி ஏழடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டிவிட்டால், தேனீக்கள் எழும்பி வலைக்கு மேலாகப் பறக்கப் பழகிவிடும். ஆள் தலை மட்டத்தில் வராது. மாடியில் தேனீ வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், சுற்றிக் காட்டினாலும் காட்டாவிட்டாலும். வலையை ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்தில் இதை அவசியம் சொல்ல வேண்டும். வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு யாரும் பெட்டியருகே வரக் கூடாது. தேனீ கொட்டும்போது "ஆபத்து" என்று மற்றவற்றுக்கு அறிவிக்க விடும் வாசனையில் உள்ள முக்கியப் பொருள்தான் பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் இருக்கிறது. சீப்பு சீப்பாக வீட்டில் தொங்கும் ஊர் இது. பிள்ளைகள் கையில் பழத்தோடுதான் ஓடி வருவார்கள், கீழேயே வாங்கி வைத்துவிடுங்கள். அத்தர், சென்ட் வேண்டாம். கறுப்பு உடை வேண்டாம். வெளிர் நிறம் நல்லது.

உங்கள் வீட்டில் உண்மையான பொக்கிஷம் அந்தக் கொசுத்தேனீப் பெட்டிதான் என்பேன். அதற்குக் கொடுக்கு இருந்தும் இல்லாததுபோல்தான், கொட்ட முடியாது. சீண்டினால் முடியிலும் காதிலும் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். மெழுகும் பிசினும் கலந்து கட்டிய குழல் வாசலை ஐந்து வயதுப் பிள்ளைகூட ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்க்கலாம். குழலுக்குள் காவல் தேனீக்கள் வட்டமாக நின்று எட்டிப் பார்க்கும். அறுகோண அடை அதற்குக் கிடையாது. சின்னச் சின்னக் குடங்கள் செய்து அவற்றில் தேன் வைக்கும்.

தஞ்சை_மின்பணி, தஞ்சாவூர்

நான் வீடுகளுக்குச் சோலார் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். முன்னவர் தேனீக்காகச் சொன்ன நேரம் எனக்கும் சம்மதம். உச்சி வெயிலில் யாரையும் மாடியில் ஏற்ற வேண்டாம். பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதைப் பார்க்கப் பேனலருகே நிற்க வேண்டிய தேவையே இல்லை. அது தெரிவது கீழே, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையிலும் மீட்டரிலும்.

எனவே இரண்டாகப் பிரியுங்கள். காலையில் மாடி, அங்கே தேனீ. பிறகு கீழே வந்து பலகாரம், பேச்சு, விளையாட்டு. பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் முன்னால் நின்று பாருங்கள். காலை எட்டு மணிக்குத் திரையில் பார்த்த எண்ணை ஒரு பிள்ளை எழுதி வைத்திருக்கட்டும். மதியம் பார்க்கும் எண் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். நெட் மீட்டரில் நாம் எடுத்தது தனியாகவும் கொடுத்தது தனியாகவும் காட்டும். தெளிவான நாளில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் கிடைக்கும். உங்கள் மாடியில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மின்விசிறி எத்தனை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிப் பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் சோலாரும் அணைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் படும் வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். உங்களுடையது ஆறு பேனல்கள் தொடராக இணைத்தது என்றால் இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் (டி.சி.). அது உயிருக்கே ஆபத்து. பேனலுக்குப் பின்னால் இருக்கும் வயர், இணைப்பான், சந்திப்புப் பெட்டி எதையும் குழந்தைகள் தொட முடியாதபடி குழாய்க்குள் போயிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். எர்த் கம்பியும் இடிதாங்கியும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், அது இயல்பு. அதற்குச் சின்ன பேனல் ஒன்றும் பொம்மை மின்விசிறி ஒன்றும் வாங்கி நிழலோரம் வைத்துவிடுங்கள். அந்தச் சிறு பேனலின் ஒரு மூலையைக் கையால் மறைத்தாலே விசிறி திணறுவதைப் பார்ப்பார்கள். தென்னங்கீற்றின் நிழல் பேனலில் விழக் கூடாது என்று நாங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்பது அவர்களுக்கு அந்த நொடியில் புரிந்துவிடும்.

யாராவது ஒரு பிள்ளை "கரண்ட் போனால் உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியுமா" என்று நிச்சயம் கேட்கும். பேட்டரி இல்லாத, மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சோலார் என்றால் எரியாது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

வடவாறு, தஞ்சாவூர்

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். எனக்கு இதில் பயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் குடிநீர்த் தொட்டிக்கு அடியில் தேனீ கட்டியிருந்தது. திருவிழாவில் வெடி வெடித்தபோது கலைந்து வந்து தெருவில் போன பலரைக் கொட்டியது. வயதானவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. குழந்தைகளைக் கூட்டமாகத் தேனீயருகே அழைத்துப் போவதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டீர்களா?

மார்த்தாண்டம்_மருமகன், மயிலாடுதுறை

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் பார்த்தது மலைத்தேனீ. தொட்டிக்கு அடியிலும் கோபுரத்திலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. கோபம் வந்தால் நெடுந்தூரம் துரத்தும். பெட்டியில் இருக்கும் இந்தியத் தேனீ உடலில் சிறியது, குணமும் வேறு. ஆனாலும் அதுவும் கொட்டும். கொட்டாது என்று சொல்லி யாரையும் அழைக்கக் கூடாது. வெடிச் சத்தம், அதிர்வு, புகை எதுவும் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எச்சரித்ததாக எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் மாசிமகத்தை ஒட்டிய நாட்கள் வேண்டவே வேண்டாம்.

அரசலாறு, கும்பகோணம்

பக்கத்து வீடுகளில் பெட்டி வைக்கும்போதே கேட்டுத்தான் வைத்தோம் ஐயா. இந்த நிகழ்ச்சிக்காக மறுபடியும் மூன்று பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொல்வோம். ஒருவர் வேண்டாம் என்றாலும் நடத்த மாட்டோம். அவர்கள் வீட்டுக் கொடியில் துணி உலர்த்துகிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் மாடியில் விளையாடுகிறார்கள். அவர்கள் மனம் ஒப்பாமல் செய்வது முறையல்ல.

செவிலி_திருவாரூர்

அரசு மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணி செய்தவள். வடவாறு ஐயா எழுப்பிய விஷயத்தில் நான் தெளிவாகச் சில சொல்ல வேண்டும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதோடு ஒட்டிய நச்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்து எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிப்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு தடவும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குழந்தையின் தோல் வெந்துபோகும், தடவாதீர்கள். கொட்டிய இடத்தில் வீக்கமும் அரிப்பும் சாதாரணம். ஆனால் உடல் முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் ஒவ்வாமை. நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். வரும்போதே ஒவ்வொரு குடும்பத்தையும் கேளுங்கள்: முன்பு தேனீயோ குளவியோ கொட்டி இப்படி ஆனதுண்டா? உண்டு என்றால் அவர்கள் மாடிக்கு வர வேண்டாம், கீழே மீட்டரைப் பார்க்கட்டும்.

இன்னொன்று, கைக்குழந்தையோடு தாய்மார் வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேன் சுவைக்கக் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் விதைகள் பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாமல் போய்விடும். பச்சைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் சேனை வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டிமார் அன்போடுதான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேன் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்றால், இதை வாய்விட்டுச் சொல்லாமல் நடத்தாதீர்கள். அன்று நீங்கள் சொல்வதிலேயே மிக முக்கியமான செய்தி இதுவாக இருக்கலாம்.

நீடாமங்கலம்_உழவன்

எனக்கு ஒரு சந்தேகம். பேனல் நிழலில் பெட்டி வைத்திருக்கிறீர்கள். வெயிலில் பேனலே கொதிக்குமே, அடியில் தேனீக்கு எப்படி இருக்கும்? என் பம்புசெட் சோலாருக்கு அடியில் சித்திரையில் நின்று பார்த்திருக்கிறேன், அனல் அடிக்கிறது.

தஞ்சை_மின்பணி, தஞ்சாவூர்

நல்ல கேள்வி அண்ணா. பேனல் தன் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சூடுதான். கத்திரி வெயிலில் பேனல் அறுபது டிகிரியைத் தொடும். இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.35 சதவீதம் போலக் குறையும். அறுபதில் கணக்குப் போட்டால் பன்னிரண்டு சதவீதம் இழப்பு. அதனால்தான் வெயில் மிகக் கடுமையான மாதத்தில் மின்சாரம் அதிகம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். காற்று அடியில் ஓடினால் பேனலும் குளிரும், கீழே இருப்பதும் குளிரும். தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் படுக்கவைத்த பேனலுக்கு அடியில் பெட்டி வைத்தால் அது அடுப்புதான். ஆள் உயரத்துச் சட்டம் என்றால் பிரச்சினை இல்லை.

மார்த்தாண்டம்_மருமகன், மயிலாடுதுறை

முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டுக்குள் புழு இருக்கும் பகுதியைத் தேனீக்கள் முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தாறு டிகிரிக்குள் வைத்திருக்கும். வெளியே அதைவிடச் சூடாகும் ஒவ்வொரு மணி நேரமும் அவற்றுக்குக் கூடுதல் வேலை. மெழுகு உருகுவது அறுபத்திரண்டு டிகிரிக்கு மேல்தான், ஆனால் தேன் கனத்த புது அடை அதற்கு வெகு முன்பே இளகி அறுந்து விழும். நேரடி வெயிலைவிடப் பேனல் நிழல் ஆயிரம் மடங்கு மேல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஓலைப் பந்தல் நிழலுக்கு அது ஈடாகாது. பேனலுக்கும் பெட்டிக்கும் நடுவில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டுங்கள் அக்கா. மேல்மூடியில் ஈரச் சாக்கு. பக்கத்தில் மண் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர். ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமலிருக்க.

தஞ்சை_மின்பணி, தஞ்சாவூர்

கீற்றுத் தட்டி கட்டுங்கள், ஆனால் பேனலின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கட்டாதீர்கள். காற்றோட்டம் நின்றுவிடும். காய்ந்த கீற்று வயரோடு உரசுவதும் கூடாது. இரண்டு அடியாவது இடைவெளி விடுங்கள். இன்னொரு விஷயம், பேனல் கண்ணாடியில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் பார்த்திருப்பீர்கள். தேனீக்களின் எச்சம்தான். காய்ந்தால் பிடிவாதமாக ஒட்டும். காலையிலோ மாலையிலோ பேனல் ஆறியிருக்கும்போது மெல்லிய துணியால் கழுவுங்கள். மதியம் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

நீடாமங்கலம்_உழவன்

விளக்கத்துக்கு நன்றி தம்பிகளே. நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாடிக்குக் குழந்தைகளை மட்டும் அழைக்காதீர்கள் அம்மா. சுற்றுவட்டாரத்து விவசாயிகளையும் அழையுங்கள்.

இந்தியத் தேனீ கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை, சில நேரம் அதற்கு மேலும் போய்வரும். கும்பகோணத்தில் எந்த மாடியிலிருந்து கிளம்பினாலும் அந்தத் தூரத்தில் ஏதோ ஒரு வயல் வந்துவிடும். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் நெல் பூக்கும் காலை வேளையில் மகரந்தத்துக்காகத் தேனீ வயலில் இறங்குகிறது. அதே காலை வேளையில்தான் நம்மில் பலர் மருந்து அடிக்கிறோம். சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் மாசியில் பூக்கும். அப்போதும் அதே கதை. பொழுது சாயும் நேரத்தில், தேனீ திரும்பியபின் அடித்தால் பூச்சிக்கும் படும், தேனீயும் பிழைக்கும். செலவு கூடாது, ஆள்கூலி கூடாது, நேரம் ஒன்றை மாற்றினால் போதும். பூக்கும் நேரத்தில் அடிக்காமலே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. எள் போட்டவர்கள், தென்னை வைத்தவர்கள், பரங்கி பாகல் போட்டவர்கள் எல்லோருக்கும் தேனீயால் விளைச்சல் உண்டு.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை அப்படியே சாய்ந்து கிடந்தது. தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடும் மரம். மற்ற பூ இல்லாத மாதத்திலும் தேனீக்கு மகரந்தம் கொடுத்தது அதுதான். ஒரு மரம் போனால் காய் மட்டும் போவதில்லை. அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மாடியில் சட்டம் எழுப்பியவர்கள் அந்தக் காற்றையும் நினைத்துக்கொண்டு போல்ட்டைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியையும் ஸ்டாண்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

ஓய்வு_ஆசிரியர், திருவையாறு

தொடக்கப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். குழந்தைகளுக்கு விளக்கவுரை வேண்டாம், வேலை கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

உங்களிடம் பரங்கிக் கொடி இருக்கிறதே, அது போதும். முதல் நாள் மாலையே, மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. இன்னொரு பெண் மொட்டை அப்படியே விடுங்கள். பரங்கி விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். திறந்த பூவில் தேனீ புகுந்து மகரந்தம் பூசிக்கொண்டு வெளியே வருவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களை மறுபடி அழைத்துக் காட்டுங்கள். துணி கட்டிய பூவின் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்திருக்கும். இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

தேனீயின் நடனத்தை விளையாட்டாக வைக்கலாம். பூ இருக்கும் இடத்தை அது கூட்டுக்குள் ஆடிக் காட்டுகிறது என்பதை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். செங்குத்தான அடையில் நேர் மேல்நோக்கி ஆடினால் "சூரியன் இருக்கும் திசையில் போ" என்று பொருள். வலப்பக்கம் சாய்ந்து ஆடினால் சூரியனுக்கு வலப்பக்கம் அதே கோணத்தில். நெடுநேரம் ஆடினால் தூரம் அதிகம். ஒரு பிள்ளைக்கு மட்டும் பூச்சட்டி ஒளித்த இடத்தைச் சொல்லிவிட்டு, பேசாமல் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். இதைக் கீழே முற்றத்திலோ தெருவிலோ வைத்துக்கொள்ளுங்கள், மாடியில் ஓட்டம் வேண்டாம்.

இந்த விளையாட்டு முடிந்ததும் பேனல்கள் ஏன் தெற்கு நோக்கி, ஏறக்குறைய பத்துப் பதினொரு டிகிரி சாய்ந்து நிற்கின்றன என்று கேளுங்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அதே அளவு டிகிரியில் இருக்கிறது. தேனீயும் பேனலும் ஒரே சூரியனைத்தான் கணக்கில் வைத்திருக்கின்றன என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குத்தாலத்து_அத்தை

சுவாமிமலை பக்கத்திலேயே இருந்துகொண்டு தேனும் தினைமாவும் கொடுக்காமல் அனுப்புவீர்களா? தினையை வறுத்து இடித்து நான் கொண்டு வருகிறேன், தேன் உங்களுடையது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிடையாது என்பதை நானே வாசலில் நின்று சொல்கிறேன். நானும் பேரனுக்குப் பாட்டிதான், நான் சொன்னால் மற்றப் பாட்டிகள் கேட்பார்கள்.

வடவாறு, தஞ்சாவூர்

செவிலி அம்மா எழுதியதையும், நிழல்வலை பற்றி எழுதியதையும் படித்தேன். இவ்வளவு கவனத்தோடு செய்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு முறைக்கு எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? எங்கள் பக்கத்து மாடிப்படிகள் குறுகலானவை. ஏதாவது ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது.

அரசலாறு, கும்பகோணம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் வைத்திருந்த திட்டத்தை இப்போது நன்றாகவே மாற்றிவிட்டோம்.

மாசிமகம் முடிந்து அடுத்து வரும் ஞாயிறு. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் மாடி. ஒரு முறைக்கு எட்டுப் பேர், அவர்களில் பாதிப் பேராவது பெரியவர்கள். ஒரு குழு இறங்கியபிறகுதான் அடுத்தது ஏறும். வடவாறு ஐயா கேட்டபின் படியை அளந்து பார்த்தேன். இருவர் எதிரெதிரே வர முடியாது. ஆகவே படியின் மேலும் கீழும் ஒருவர் நிற்போம். முதலில் கொசுத்தேனீ, பிறகு கண்ணாடிச் சட்டம், கடைசியில் வலைக்குப் பின்னாலிருந்து இந்தியத் தேனீப் பெட்டியின் வாசல். பெட்டியைத் திறக்க மாட்டோம். பரங்கி மொட்டுக்குச் சனிக்கிழமை மாலை துணி கட்டுவது என் மகளின் பொறுப்பு.

பத்து மணிக்கு மேல் எல்லோரும் கீழே. முற்றத்தில் நடன விளையாட்டு, சிறு பேனலும் விசிறியும், அத்தையின் தினைமாவு. பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் திரை. மானியம் பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதால் அதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறேன். 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மூன்று கிலோவாட்டுக்கு 78,000 என்று அறிவித்தார்கள்.

உழவர் ஐயா, உங்கள் யோசனைதான் என் மனதில் அதிகம் தங்கியது. எங்கள் தெருவுக்குப் பின்னால் உளுந்து போட்டிருக்கும் குடும்பங்களை நானே நேரில் போய் அழைக்கிறேன். நீங்களும் வந்து மருந்தடிக்கும் நேரம் பற்றிப் பேச வேண்டும். நான் சொன்னால் புத்தகப் பேச்சு என்பார்கள்.

நீடாமங்கலம்_உழவன்

வருகிறேன் அம்மா. விடியற்காலை பஸ் இருக்கிறது.

செவிலி_திருவாரூர்

மாடியிலேயே ஒரு முதலுதவிப் பெட்டி, குளிர்ந்த தண்ணீர், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று. முழங்கால் வலி உள்ளவர்கள், மாடி ஏற முடியாதவர்களுக்காகக் கண்ணாடிச் சட்டத்தைத் தேன்பெட்டியில் திரும்பச் சேர்ப்பதற்கு முன் பத்து நிமிடம் கீழே திண்ணையில் வைக்க முடியுமா?

மார்த்தாண்டம்_மருமகன், மயிலாடுதுறை

முடியும் அக்கா, காற்றுத் துளை அடைபடாமல், நிழலில், யாரும் தட்டாமல் இருந்தால். ஒன்பதே முக்காலுக்குள் மாடிக்குத் திரும்பிவிட வேண்டும். சட்டத்தைத் தூக்குவதற்கு நான் சனிக்கிழமை மாலையே வந்துவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டி என்னிடமே இருக்கிறது, புதிதாகச் செய்ய வேண்டாம்.

தஞ்சை_மின்பணி, தஞ்சாவூர்

சனிக்கிழமை நானும் வருகிறேன். எர்த், போல்ட், பேனலுக்குப் பின்னால் குளவிக் கூடு ஏதும் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடலாம். குளவி நிழலான பேனல் சட்டத்தில்தான் விரும்பிக் கட்டும். சந்திப்புப் பெட்டியில் கொசுத்தேனீ புகுந்திருந்தாலும் சொல்லுங்கள். நான் திறப்பதற்கு முன் மருமகன் தம்பி பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியைக் கெடுக்காமல் கூட்டத்தை மரப்பெட்டிக்கு மாற்றிக் கொடுப்பார்.